வளர்ச்சி ஹார்மோன் வயால்: 90 நாளைக்கு எத்தனை வாங்குவது, கரைத்ததை எப்படிப் பாதுகாப்பது?

அம்பத்தூர்_அப்பா:

மகளுக்கு வயது 7, எடை 21 கிலோ. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கு டாக்டர் தினமும் இரவு 0.7 மி.கி. எழுதியிருக்கிறார். கிடைப்பது 12 ஐ.யு. (மருந்தின் வீரியத்தை அளக்கும் சர்வதேச அலகு) பவுடர் வயால் (ரப்பர் மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி), கூடவே 2 மி.லி. கரைக்கும் தண்ணீர் (கிருமித்தடுப்பு சேர்த்தது). கரைத்த பின் 2–8 டிகிரியில் வைத்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கிறது.

1 மி.கி. = 3 ஐ.யு. என்பதால் ஒரு நாளைக்கு 2.1 ஐ.யு., 90 நாளைக்கு 189. அதை 12-ஆல் வகுத்தால் 15.75. ஆக 16 வயால் ஆர்டர் செய்யலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

இன்னும் மூன்று சந்தேகம். மே மாதம் 10 நாள் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போகிறோம். அங்கே ஊசி போடப்போவது என் அம்மா. அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு வயாலை இங்கேயே கரைத்து எடுத்துப் போகலாமா? மாதாமாதம் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் போகிறதே, அந்த நாளில் ஃப்ரிட்ஜில் இருப்பதை என்ன செய்வது? வயாலின் அடியில் ஒரு முழு டோஸுக்குப் போதாமல் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதை அடுத்த வயாலோடு சேர்த்துக்கொள்ளலாமா?

மருந்தாளுநர்_மதுரை:

16 போதாது சார். 18 வேண்டும், கையிருப்புக்கு ஒன்று சேர்த்து 19 வாங்குங்கள்.

மொத்த ஐ.யு.வை வயாலின் ஐ.யு.வால் வகுத்தால், ஒவ்வொரு வயாலும் கடைசிச் சொட்டு வரை பயன்படும் என்று வைத்துக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி நடக்காது. 12 ஐ.யு.வை 2 மி.லி.யில் கரைத்தால் 1 மி.லி.யில் 6 ஐ.யு. உங்கள் டோஸ் 2.1 ஐ.யு., அதாவது 0.35 மி.லி. ஐந்து ஊசிக்கு 1.75 மி.லி. போய்விடும். மிச்சம் 0.25 மி.லி., ஆறாவது ஊசிக்குப் பற்றாது. ஒரு வயாலுக்கு 5 நாள் என்றால் 90 நாளைக்கு 18 வயால். 16 வாங்கினால் 80-ஆவது நாளில் மருந்து தீர்ந்துவிடும். விசேஷ நாளும் ஸ்டாக்கிஸ்ட் தாமதமும் அந்த நேரம் பார்த்துத்தான் சேர்ந்து வரும்.

எப்போதும் ‘இந்த வயாலில் முழுசாக எத்தனை ஊசி வரும்?’ என்று எண்ணுங்கள். அதையும் தாளில் போட்டிருக்கும் நாள் கணக்கையும் பக்கத்தில் வைத்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயால் 5 நாளில் தீர்வதால் 14 நாள் கெடு குறுக்கே வராது. 36 ஐ.யு. மாதிரிப் பெரிய வயாலில்தான் அது உதைக்கும். 2.1 வீதம் 17 ஊசி வரும். ஆனால் கெடு 14 நாள் என்றால் 29.4 ஐ.யு. பயன்படுத்திவிட்டு மீதி 6.6 ஐ.யு.வைக் கொட்ட வேண்டும். கெடு 28 நாள் உள்ள தயாரிப்பாக இருந்தால் அதே பெரிய வயால் லாபம். விலைப்பட்டியலை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

மூன்று மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். எடை கூடும்போது டோஸ் மாறும். குழந்தை 24 கிலோ ஆகி, டாக்டர் 0.8 மி.கி. ஆக்கினார் என்று வையுங்கள். 2.4 ஐ.யு., 0.4 மி.லி. எழுதிப் பார்த்தால் ஐந்து ஊசி கச்சிதமாக 2.0 மி.லி. வருகிறது. கையில் வராது. கண்ணாடிச் சுவரில் ஒட்டுவது, குமிழ் தட்டும்போது போவது என்று ஐந்தாவது ஊசி குறைவாகவே நிற்கும். நான்கு என்றே கணக்கு வையுங்கள். அப்படியானால் அதே 90 நாளைக்கு 23 வயால். சின்ன டோஸ் மாற்றம், ஆனால் ஐந்து வயால் கூடுதல்.

இந்த வீணடிப்பைக் குறைக்க டாக்டரிடம் கேட்டுப்பார்க்க ஒரு வழி உண்டு. குறைபாட்டுக்குப் பொதுவாகக் கொடுப்பது கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.025 முதல் 0.035 மி.கி. உங்கள் மகளுக்கு 0.64 மி.கி. என்றால் 0.32 மி.லி., ஆறு ஊசிக்கு 1.92 மி.லி. ஒரு வயால் ஆறு நாள் வரும், 90 நாளைக்கு 15 போதும். இதை நீங்களாகச் செய்யக்கூடாது. ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவையும் வளர்ச்சி வேகத்தையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், கேட்பதில் தவறில்லை. இன்னொன்று, 1.5 மி.லி.யில் 5 மி.கி. உள்ள தயார்க் கரைசல் பேனா. 0.7 வீதம் ஏழு நாளைக்கு 4.9 மி.கி. முதல் தடவை ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்ப்பதற்கு மீதி 0.1 சரியாகப் போகும். விலையை விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைகள்_வார்டு_செவிலி:

மருந்தாளுநர் சார் கணக்கைச் சொல்லிவிட்டார். அந்த 0.35 மி.லி.யை எந்த சிரிஞ்சில் எடுப்பது என்பதில்தான் எனக்குப் பயம்.

நம் ஊர்க் கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்பு மூடி யு-40 (1 மி.லி.க்கு 40 யூனிட் கோடு) தருவார்கள். ஆரஞ்சு மூடி யு-100 (1 மி.லி.க்கு 100 யூனிட்). இரண்டிலும் இருக்கும் ‘யூனிட்’ கோடு இன்சுலினுக்குப் போட்டது, வளர்ச்சி ஹார்மோனின் ஐ.யு.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 0.35 மி.லி. யு-100-இல் 35-ஆவது அளவு, யு-40-இல் 14-ஆவது கோடு. வீட்டில் ‘35 வரை இழு’ என்று பழகிவிட்டு, ஒருநாள் கடையில் சிவப்பு மூடி தந்தால் 35 வரை இழுப்பது 0.875 மி.லி., அதாவது 5.25 ஐ.யு. இரண்டரை மடங்கு. ஆகவே சீட்டில் ‘0.35 மி.லி.’ என்றும் மூடியின் நிறமும் சேர்த்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாட்டிக்கு அதே நிற சிரிஞ்சை எண்ணிக் கொடுத்தனுப்புங்கள், ஊரில் வாங்க வேண்டாம்.

யு-100 என்றால் அரை மி.லி. சிரிஞ்சாக வாங்குங்கள். அதில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கோடு. 1 மி.லி. சிரிஞ்சில் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடு என்பதால் 35 இரண்டு கோட்டுக்கு நடுவில் விழும். ஊசி கழன்று வரும் சிரிஞ்ச் வேண்டாம். ஊசியின் அடிக்கூட்டில் ஒவ்வொரு தடவையும் மருந்து தங்கிவிடும், ஐந்தாவது ஊசி குறைந்துபோகும்.

கரைக்கும்போது: பவுடர், தண்ணீர் இரண்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கை கழுவி, இரண்டு ரப்பரையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காயவிடுங்கள், ஊதக்கூடாது. 2 மி.லி.யையும் வயாலின் கண்ணாடிச் சுவரில் வழியுமாறு மெதுவாக விடுங்கள், பவுடர் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். ஊசியை எடுக்குமுன் உள்ளே போன தண்ணீர் அளவுக்குக் காற்றை வெளியே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்தில் துளை வழியே கசியும். பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள்.

குலுக்கவே கூடாது. இது 191 அமினோ அமிலம் கொண்ட புரதம். நுரை கட்டினால் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் அதன் மடிப்பு பிரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய புரதம் வேலை செய்யாது, உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கவும் கூடும். முழுசாகக் கரைந்தால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை இழையாக மிதப்பதோ, பால் கலந்த மாதிரி மங்கலோ தெரிந்தால் போடாதீர்கள். கரைத்த தேதி, நேரம், ‘6 ஐ.யு./மி.லி.’ மூன்றையும் வயால் மேல் எழுதுங்கள். ஒட்டும் டேப் பேட்ச் எண்ணை மறைக்க வேண்டாம்.

உடன் வந்த தண்ணீர் உடைந்துபோனால் கடையில் விற்கும் சாதாரண ஊசித் தண்ணீரை ஊற்றி ஐந்து நாள் வைக்காதீர்கள். அதில் கிருமித்தடுப்பு இல்லை. உடன் வருவதில் எம்-கிரசால் அல்லது பென்சைல் ஆல்கஹால் இருக்கும், அது இருப்பதால்தான் ஐந்து தடவை குத்தி எடுக்க முடிகிறது. வேறு கம்பெனித் தண்ணீரும் வேண்டாம்.

அடியில் மிஞ்சும் 0.25-ஐ விட்டுவிடுங்கள். அதை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு புது வயாலில் குத்தி 0.10 இழுக்கப் போனால் குமிழ் வரும், குமிழைத் தள்ளும்போது பழைய மருந்து புது வயாலுக்குள் போகும். ஐந்து நாள் குத்திய பழைய வயாலில் ஏதாவது கிருமி இருந்தால் புதிதும் கெட்டது. இரண்டு தனி ஊசியாகப் போட்டால் குழந்தைக்கு ஒரே இரவில் இரண்டு குத்து. எட்டில் ஒரு பங்கு மருந்து போவது வயிற்றெரிச்சல்தான், மறுக்கவில்லை. அதற்கு டோஸ் அளவிலோ வயால் அளவிலோ வழி தேடுங்கள்.

குளிர்ப்பெட்டி_ரவி:

இரண்டு வயாலையும் முன்கூட்டிக் கரைக்க வேண்டாம். பவுடராக இருக்கும்வரை அது அட்டைப்பெட்டியில் போட்ட காலாவதி தேதிவரை தாங்கும் சரக்கு. தண்ணீர் பட்ட நிமிடம் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெப்பம் பட்டால் கரைசலில் மூலக்கூறு சிதைவது வேகமாகும். வண்டிக் குலுக்கல் வேறு. பெட்டி சூடானால் இரண்டு வயாலும் ஒன்றாகப் போகும். பவுடர் மூன்று எடுத்துப் போங்கள் (10 நாளைக்கு இரண்டு, உடைந்தால் ஒன்று). ஊரில் முதல் வயாலை நீங்களே கரைத்துப் பாட்டிக்குக் காட்டலாம்.

தேதியை இப்படி அமையுங்கள்: 10-ஆம் தேதி கிளம்புகிறீர்கள் என்றால் வீட்டில் கடைசி வயாலை 5-ஆம் தேதி இரவு கரையுங்கள். 5, 6, 7, 8, 9 என்று ஐந்து இரவில் அது காலி. கரைத்த மருந்து எதுவும் பயணப்படாது. ஊருக்குப் போய் 10-ஆம் தேதி இரவு புது வயால்.

பெட்டிக்கு: கிராமத்துக்குத் தடுப்பூசி எடுத்து வரும் செவிலியர் தோளில் மாட்டியிருக்கும் பெட்டி மாதிரி, கெட்டி மூடியுள்ளது நல்லது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைக்கக்கூடாது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே விட்டுப் பிறகு வையுங்கள். வயாலை அட்டைப்பெட்டியோடு துண்டில் சுற்றி, பேக்கில் ஒட்டாமல் நடுவில் வையுங்கள். சூட்டில் கெடும் மருந்தைவிடப் பெட்டிக்குள் உறைந்து கெடுவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உறைந்து மறுபடி உருகிய கரைசல் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், அதையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் இன்சுலின் பை, மண்பானைக்குள் வைப்பது எல்லாம் அறை வெப்பத்திலிருந்து சில டிகிரி இறக்கும், அவ்வளவே. இன்சுலினுக்கு உதவும் அந்த ஏற்பாடு 2–8 கேட்கும் கரைசலுக்குப் போதாது.

வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் முக்கியம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டு இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். பின்சுவரில் உரசினாலும் உறையும். கதவுத் தட்டு, திறந்து மூடுவதால் சூடாகும். நடுத் தட்டில், முன்பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். குறைந்தது-கூடியது இரண்டையும் நினைவில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதன் முனையை ஒரு குட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு டப்பா பக்கத்தில் வையுங்கள். காற்றின் வெப்பம் கதவு திறந்ததும் குதிக்கும். தண்ணீருக்குள் இருக்கும் முனை காட்டுவதுதான் வயாலுக்குள் நடப்பதற்கு நெருக்கம். மாவுப் பாத்திரத்தைச் சூடாக உள்ளே வைக்கும் நாளில் அந்த எண்ணைப் பாருங்கள், புரியும்.

கரண்ட் கட்டுக்கு: மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு, அதுவும் கோடையில், நம்ப முடியாது. முந்தின நாளே காலி இடத்தையெல்லாம் தண்ணீர் பாட்டிலால் நிரப்பினால் குளிர் மெதுவாக இறங்கும். காலை 9 மணிக்கே வயால் டப்பாவைச் சலசலக்கும் ஐஸ் பேக் உள்ள பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், தெர்மாமீட்டரும் கூடவே போகட்டும். மாலையில் கூடியது 8-ஐத் தாண்டியிருந்தால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று குறித்து, பேட்ச் எண்ணோடு கடையிலோ கம்பெனி உதவி எண்ணிலோ கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வயாலைத் தனியாக, ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள்.

அம்பத்தூர்_அப்பா:

ரொம்ப நன்றி. 19 ஆர்டர் செய்கிறேன். 0.64 பற்றி அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்கிறேன். கடையில், இதே 12 ஐ.யு. வேறு கம்பெனியில் 1 மி.லி. தண்ணீரோடு வருகிறது, ஸ்டாக் இல்லையென்றால் அதைத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

மருந்தாளுநர்_மதுரை:

டாக்டரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். மாற்றினால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டை அன்றே கிழித்துவிடுங்கள். 1 மி.லி.யில் கரைத்தால் 12 ஐ.யு./மி.லி., உங்கள் டோஸ் 0.175 மி.லி. பழைய 0.35-ஐ இழுத்தால் இரட்டை டோஸ். கெடு நாளும் அந்தத் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். இரண்டு கம்பெனி வயாலும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால், பழையது முழுதும் தீரும்வரை புதியதை வேறு டப்பாவில் கட்டி வையுங்கள். ஜிம் ஆட்கள் சுற்றவிடும் ‘இத்தனை மி.லி. தண்ணீர் ஊற்று’ அட்டவணைகளை இதற்குப் பார்க்காதீர்கள், அவை மருந்தாக அனுமதி பெறாத பவுடருக்குப் போட்டவை.

குழந்தைகள்_வார்டு_செவிலி:

0.175 என்றால் யு-100-இல் 17.5. அதற்கு அரை யூனிட் கோடு போட்ட 0.3 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். யு-40-இல் சரியாக 7-ஆவது கோடு. எது கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வயாலை வாங்குங்கள்.