தேக்கு மாதிரி தெரியுற மரத்தூள் போர்டு டேபிள்ல கீறல், உப்பல் – உங்க அனுபவம் சொல்லுங்க

வேளச்சேரிவாசி:
பொண்ணோட ஸ்டடி டேபிள்ல காம்பஸ் முனை பட்டு ஒரு கோடு, விரல் நீளம்கூட இல்ல. மரம்தானேன்னு உப்புத்தாள் எடுத்து தேய்ச்சேன், நாலே இழுப்புல அந்த தேக்கு ரேகை மொத்தமும் போயிடுச்சு, உள்ள வெள்ளையா பேப்பர், ஓரத்துல பழுப்பா தூள். பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தவ "அப்பா, மரம் எங்கப்பா?"ன்னு கேட்டா. இன்னும் காதுலயே நிக்குது. அப்புறம் அதே கலர் மெழுகு ஃபில்லர் பூசி ஓரளவு மறைச்சேன், கீறலா இருந்தப்பவே அத செஞ்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

சேலத்துக்காரன்:
மெழுகா? வெயில் படுற ஜன்னலோர டேபிளுக்கு அது வேண்டாம் சார், இளகி தூசி ஒட்டும். அம்மா அலமாரியில பலகை ஓரத்துல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை பிரிஞ்சு அவங்க சேலை மாட்டி நூல் இழுத்துடுச்சு, கல்யாண சேலை, அந்த நூல கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. மேல காட்டன் துணி போட்டு, அயர்ன் பாக்ஸ மிதமான சூட்டுல வெச்சு நகர்த்திட்டே இருந்தேன், உள்ள இருந்த பழைய பசை இளகிச்சு, மரக்கட்டையால அழுத்தி தேய்ச்சேன், பிடிச்சுக்கிச்சு. ஒரே இடத்துல நிறுத்திடாதீங்க, பிளாஸ்டிக் பட்டை சுருங்கிடும்.

முடிச்சூர் அக்கா:
2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சதும் டிவி ஸ்டாண்டோட அடிப்பலகைய கட்டைவிரலால அழுத்தினேன், டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி உள்ள போச்சு. மெழுகா அயர்னான்னு பேசுறதெல்லாம் மேல்தோலுக்குத்தான் தம்பி, தண்ணி குடிச்ச போர்டுக்கு எதுவும் கேக்காது. அழுத்தி ஒட்டின தூள் ஒருதடவ விரிஞ்சா காய்ஞ்சாலும் பழைய கனத்துக்கு வராது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அதனால புதுசா வாங்குறவங்க மொத நாளே கவுத்துப் போட்டு அடியில பாருங்க, பெரும்பாலும் மேல மட்டும்தான் மைக்கா இருக்கும், அடி ஓரமும் ஒயர் விட போட்ட ஓட்டையும் எதுவும் பூசாம பச்சையா இருக்கும், மாப் தண்ணி அது வழியாத்தான் ஏறும். அங்கெல்லாம் வார்னிஷ் இல்லன்னா எனாமல் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சு நல்லா காய விடுங்க. காலுக்கு ரப்பர் புஷ் போட்டு தரைய விட்டு தூக்கி வைங்க. சிங்க் பக்கத்து கேபினட்னா மூலையில தண்ணி புகாம சிலிக்கோன் சீலன்ட் விடுங்க. மைக்கா மட்டும் தூக்கியிருந்து போர்டு கெட்டியா இருந்தா ரப்பர் பசைய ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதம் வந்தப்புறம்தான் சேக்கணும், ஈரத்தோட சேத்தா மறுபடி தூக்கும்.

வேளச்சேரிவாசி:
அக்கா, இப்பதான் கவுத்துப் பாத்தேன். அடி ஓரம் பச்சையாத்தான் இருக்கு, ஒரு மூலை லேசா உப்பியிருக்கு.