'குளிசை கேக்குதில்லை' என்று வருபவர்கள்: கண்டதைப் பகிருங்கள்

மருந்தாளர், வெள்ளவத்தை
இரத்தம் கட்டியாகாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தரம் இரத்தக் குழாயில் அடைப்பு வந்தால், வீட்டார் முதலில் கேட்பது ஜீன் பரிசோதனையைத்தான். அதற்கு முன் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். அஸ்பிரின் அட்டையிலும் 75, குளோபிடோகிரல் அட்டையிலும் 75. "ஒரே குளிசையை ரெண்டு தரம் தந்திட்டினம்" என்று ஒன்றை நிறுத்திவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் எண்ணிக் கடதாசி உறையில் போட்ட அஸ்பிரினை மணந்தும் பாருங்கள். வினாகிரி வாசம் வந்தால் கொழும்பின் ஈரக்காற்றில் அது உடைந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் சலிசிலிக் அமிலத்துக்குக் இரத்தத்தைக் கட்டியாக்கும் குருதிச் சிறுதட்டைக் கட்டிப்போடத் தெரியாது. இதற்கும் பரம்பரைக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

மூட்டு நோவுக்கு இபுபுரோஃபன் போடுபவர்களிடமும் இதே கதைதான். அஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திப்போய் உட்கார்ந்துவிடும். பூச்சில்லாத அஸ்பிரினென்றால் இபுபுரோஃபனுக்கு அரை மணி முன்னம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 8 மணித்தியாலம் கழித்து.

வைத்தியர், இதயப் பிரிவு
மேலே சொன்னது சரி, ஆனால் குளோபிடோகிரலில் ஜீன் உண்மையாகவே விளையாடுகிறது. விழுங்கும் குளிசை அப்படியே வேலை செய்யாது. உள்ளே போவதில் சுமார் 85 வீதத்தை வேறொரு நொதியம் வீணாக்கிவிடும். மீதியை ஈரல் இரண்டு படியில் மாற்றினால்தான் மருந்தாகும். அந்த வேலையில் முக்கிய ஆள் சைப் 2சி19 (CYP2C19) என்ற ஈரல் நொதியம். இதன் ஜீனில் 'ஸ்டார் 2' என்ற குறை வடிவம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் மருந்து குறைவாக உருவாகும், இருவரிடமிருந்தும் வந்தால் மிகக் குறைவு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010 இலேயே இதைப் பற்றி மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டிய கடும் எச்சரிக்கை போட்டது. இங்கிலாந்தில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வில் 57 வீதமானோர் இந்தக் குறையில் ஒன்றையாவது சுமந்தார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இது அரிய சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

டோஸைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு ஸ்டார் 2 உள்ளவர்களுக்கு நாளுக்கு 225 மி.கி. கொடுத்தபோது சாதாரண ஆட்களின் 75 மி.கி. அளவுக்கு வந்தது. இரண்டு உள்ளவர்களுக்கு 300 கொடுத்தும் எட்டவில்லை. மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை
வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோலை ஒருவரும் சொல்லவில்லையே! அதே நொதியத்தைத்தான் அதுவும் மறிக்கிறது, எசோமெப்ரசோலும் அப்படித்தான். ஜீன் நன்றாயிருந்தும் குளோபிடோகிரல் குறைந்துபோகும். நான் சொல்கிற வழி: ஒமெப்ரசோலைக் காலையிலும் குளோபிடோகிரலை இரவிலும் பிரித்து எடுத்தால் சரி.

வைத்தியர், இதயப் பிரிவு
இல்லை அண்ணா, நேரத்தைப் பிரித்தாலும் பாதிப்பு போகாது. வயிற்றுக்கு ஏதாவது தேவைதான் என்றால் துண்டு எழுதியவரிடம் கேட்டு பன்டோப்ரசோலுக்கு மாற்றுவது நல்லது.

வைத்தியர், பாரிசவாதப் பிரிவு
இதயக்காரர் 'மருந்தை மாற்று' என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அது அவ்வளவு லேசில்லை. மாற்று மருந்துகள் பிரசுக்ரலும் டிக்காக்ரலோரும். பிரசுக்ரலை முன்பு பாரிசவாதமோ, வந்து மறைந்துபோகும் சிறு தாக்கமோ வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. டிக்காக்ரலோருக்கு இந்த நொதியத்தின் தயவு வேண்டாம், ஆனால் மூளைக்குள் முன்பு இரத்தம் கசிந்தவருக்கு அதுவும் ஆகாது. சீனாவில் நடந்து 2021 இல் வெளிவந்த சான்ஸ்-2 ஆய்வு, குறை ஜீன் உள்ள, சிறு பாரிசவாதமோ வந்து மறையும் சிறு தாக்கமோ வந்த நோயாளரை வைத்துச் செய்தது. 90 நாளில் மறு பாரிசவாதம் குளோபிடோகிரலில் 7.6 வீதம், டிக்காக்ரலோரில் 6.0. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருக்கிறது. அங்கே கொடுத்த டிக்காக்ரலோர் அளவு: முதலில் 180 மி.கி., பிறகு 90 மி.கி. இரண்டு வேளை, அஸ்பிரின் 21 நாள் வரை.

சிக்கல் வீட்டில்தான் தொடங்கும். இரவுக் குளிசை மறந்துபோகும். மற்றது, டிக்காக்ரலோரில் மூச்சு முட்டுகிற மாதிரி வரும். நெஞ்சு வருத்தம் திரும்பிவிட்டது என்று பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். இதயக் குழாய் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் அப்படி நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டே அடைபடலாம். மருந்து கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், மூச்சு முட்டினால் உடனே வந்து காட்டட்டும். டிக்காக்ரலோரோடு அஸ்பிரினையும் நாளுக்கு 100 மி.கி. இற்கு மேல் சேர்க்கக் கூடாது.

லாப், ஜீன் பரிசோதனை
ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மி.லீ. இரத்தம் போதும். கன்னத்தில் தேய்த்து எடுப்பதென்றால் அதற்கு அரை மணி முன்னம் சாப்பிட வேண்டாம். ஜீன் பார்க்க மருந்தை நிறுத்தத் தேவையில்லை. சிறுதட்டின் செயலைப் பார்க்கும் பரிசோதனை வேறு, அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டார் 17 என்று கண்டால் பதற வேண்டாம், அது வேகமாக வேலை செய்கிற வடிவம். ஆனால் ஸ்டார் 2, ஸ்டார் 17 இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று எண்ண வேண்டாம், அதையும் குறைந்த வேகம் என்றே கணக்கிடுவோம்.

அறிக்கையைப் பிரதி எடுத்து கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆயுளுக்கும் மாறாது, இரண்டாம் தரம் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை. ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்தவர் மட்டும் விலக்கு. அவருடைய மருந்தை இப்போது மாற்றுவது கொடுத்தவரின் ஈரல்.