சீமைக்கருவையை (சீமைக்கருவேல முள்மரத்தை) ஒழிச்ச, ஒழிக்கப் பார்த்த அனுபவம் சொல்லுங்க

வேதாரண்யம் பக்கம்: கஜா புயல்ல (2018 நவம்பர்) தென்னை மொத்தமும் சாஞ்ச கொல்லையைக் கொஞ்ச காலம் சும்மா போட்டிருந்தோம். சீமைக்கருவை மண்டிடுச்சு. விறகுக்கு எடுத்துக்கிறேன்னு வந்தவர் கணுக்கால் உயரத்துல அறுத்துட்டுப் போயிட்டார். மழை விழுந்ததும் ஒவ்வொரு கட்டையும் புதர் புதரா தழைஞ்சு நின்னுச்சு. மொட்டு மண்ணுக்குள்ள, அடிக்கட்டையோட கழுத்துல இருக்கு. மேல அறுத்தா அதுக்குக் கவாத்து பண்ணிவிட்ட மாதிரிதான். அப்புறம் ஜேசிபி வச்சு வேரோட பிடுங்கினோம்.

அதோட முடியல. கருவைக்காய் இனிப்பா இருக்கும், ஆடு மாடு விடாது. காஞ்ச சாணத்தை உடைச்சுப் பாருங்க, உள்ளே விதை முழுசா இருக்கும். ஐப்பசி மழைக்கு அது அத்தனையும் முளைக்கும். ஈரம் இருக்கும்போதே நாத்தைக் கையால பிடுங்கிடணும். முள் முத்திட்டா கிட்ட போக முடியாது.

கோடியக்காடு: இங்க மட்டக்குதிரையும் சேர்ந்து விதைக்குது! 1967லேயே சரணாலயம் ஆன இடம். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேணும், அதைத்தான் கருவை தின்னுக்கிட்டே வருது. ஆனா எங்க தெருவுல பாதி அடுப்பு அந்த விறகுலதான் எரியுது. ஒட்டுமொத்தமா ஒழிங்கன்னு என்னால சொல்ல முடியல.

மன்னார்குடி: கொடைக்கானல்ல பைன் காட்டுல நின்னு நாமெல்லாம் போட்டோ எடுப்போமே, அதுவும் இதே கதைதான். பட்டுலா பைன், மெக்சிகோ மரம். நட்ட இடத்தோட நிக்காம புல்வெளியில தானா ஏறுது. அங்க விதைக்கு இறக்கை இருக்கு, காத்து கொண்டு போகுது. நம்ம ஊர்ல ஆட்டு வயிறு.

பூம்புகார்: அப்போ சவுக்கும் பைன் சாதிதானே? ஊசி இலை, குட்டிக் காய் எல்லாம் அப்படியே இருக்கே?

மன்னார்குடி: இல்லைங்க, சவுக்கு பூக்குற மரம். பார்வைக்குத்தான் அப்படி. வெளிநாட்டுலேர்ந்து வந்ததுதான், ஆனா நம்ம பக்கம் நட்டு வெட்டுற பயிரா நிக்குது. கருவை மாதிரி வயக்காட்டுல புகுந்து நான் பார்த்ததில்லை.

திருத்துறைப்பூண்டி: வேதாரண்யம் அண்ணே, பிடுங்கின இடத்துல என்ன போட்டீங்க?

வேதாரண்யம் பக்கம்: மார்கழிப் பட்டத்துக்குக் கடலை, தம்பி. களை கொத்தும்போது கருவை நாத்தும் சேர்ந்து வந்துடும், தனிக் கூலி இல்லை. தென்னங்கன்னு அடுத்த வருஷம்தான் வச்சோம். வேலியில மட்டும் இன்னும் நாலஞ்சு நிக்குது, அது பக்கத்துக் கொல்லைக்காரர் மரம்.