பிசா கோபுரம்: போட்டோ எடுத்துட்டு உடனே கிளம்பிடாதீங்க

பிசாவுக்கு ரெண்டு மணி நேரம் போதும், ஃப்ளோரன்ஸ்ல தங்கிட்டு காலைல போய் கோபுரத்தைத் தாங்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு மதியம் திரும்பிடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அதுல கொஞ்சம் கூட உடன்பாடு இல்ல. போன ஏப்ரல்ல அப்பா அம்மாவைக் கூட்டிட்டு இத்தாலி போனோம், ரோம் வெனிஸ் எல்லாம் பாத்தோம், ஆனா அப்பா இன்னைக்கு வரைக்கும் பேசுறது பிசாவைப் பத்தித்தான். அவர் பொதுப்பணித்துறைல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், ஆயுசு முழுக்க அஸ்திவாரம், மண்ணு, சிமெண்டுன்னே இருந்தவர், அதனால அவர் கண்ணு வழியாத்தான் நானும் அந்த இடத்தைப் பாத்தேன்னு சொல்லலாம்.

ஃப்ளோரன்ஸ் சான்டா மரியா நொவெல்லா ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல சுமார் ஒரு மணி நேரம். பிசா சென்ட்ராலேல இறங்கினா கோபுரத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம் நடக்கணும், சான் ரொஸ்ஸோரேன்னு ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு, அங்க இருந்து பத்து நிமிஷம்தான். வயசானவங்க கூட இருந்தா சான் ரொஸ்ஸோரே நல்லது. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்க மெஷின்ல முத்திரை குத்திடுங்க, இல்லன்னா ஃபைன்.

மதில் வாசலைத் தாண்டி உள்ள நுழைஞ்சதும் அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "என்னடி இது, இவ்ளோ வெள்ளையா இருக்கு"ன்னாங்க. நான் கோபுரத்தைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன், ஆனா அவங்க பாத்தது மொத்த இடத்தையும். பச்சைப் புல்வெளி நடுவுல ஞானஸ்நான மண்டபம், அதுக்குப் பின்னாடி பெரிய தேவாலயம், அதுக்கும் பின்னாடி ஓரமா எட்டிப் பாக்குற மாதிரி அந்தச் சாஞ்ச கோபுரம். இந்தக் கோபுரம் தனிக் கட்டடம் இல்ல, அந்தத் தேவாலயத்தோட மணிக்கூண்டுதான். இந்த மூணும், ஓரமா இருக்க காம்போசாந்தோங்கற கல்லறைத் தோட்டமும்னு நாலு கட்டடமும் சேந்து 1987ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. நேர்ல பாக்கும்போது சாய்வு போட்டோல தெரியுறதை விட ரொம்ப அதிகமாத் தெரியுது, இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. பக்கத்துலயே நேரா நிக்குற தேவாலயத்தோட சுவர் இருக்கறதால நம்ம கண்ணு தானாவே ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்குது.

அப்பா போட்டோ எடுக்குற கூட்டத்தை விட்டு விலகி கோபுரத்தோட அடிப்பக்கம் போய் குனிஞ்சு பாத்துட்டே இருந்தார். தெற்குப் பக்கம் அடித்தளம் தரையை விட எவ்ளோ கீழ இறங்கியிருக்குன்னு அங்க நல்லாத் தெரியும். "பதினாலாயிரம் டன்னுக்கு மேல வெயிட், அஸ்திவாரம் வெறும் மூணு மீட்டர், அடியில வண்டலும் களிமண்ணும், சாயாம என்னம்மா பண்ணும்"னார். 1173ல கட்ட ஆரம்பிச்சாங்க, மூணாவது மாடி எழும்பும்போதே ஆட்டம் கண்டுருச்சு, 1178ல வேலை நின்னுபோச்சு. அதுக்கப்புறம் பிசாக்காரங்க சண்டை சண்டைன்னே இருந்ததுல கிட்டத்தட்ட நூறு வருஷம் யாரும் அதைத் தொடவே இல்ல. 1272ல ஜொவான்னி தி சிமோனேங்கற கட்டடக் கலைஞர் திரும்ப ஆரம்பிச்சார், சாய்வைச் சரிக்கட்டணும்னு சாஞ்ச பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் உயரமா வச்சுக் கட்டினாங்க, அதனாலதான் நல்லா உத்துப் பாத்தா கோபுரம் நேரா சாயாம நடுவுல லேசா வளைஞ்சிருக்கும். 1284ல மெலோரியா கடல் சண்டைல எதிரி நகரமான ஜெனோவாகிட்ட பிசா தோத்துச்சு, மறுபடியும் வேலை நின்னுச்சு. மேல மணி தொங்குற அடுக்கு முடிஞ்சது 1372ல.

இதுல அப்பா சொன்ன ஒரு விஷயம் என்னால மறக்கவே முடியல. "நிறுத்தாம ஒரே மூச்சுல கட்டியிருந்தா அப்பவே விழுந்திருக்கும்மா, அந்த நூறு வருஷ இடைவெளில அடியில இருந்த களிமண் மெல்ல மெல்ல இறுகிக்கிச்சு, அதனாலதான் மேல வந்த பாரத்தைத் தாங்குச்சு." அந்தச் சண்டைங்க மட்டும் இல்லன்னா இன்னைக்கு அந்தக் கோபுரமே இருந்திருக்காது!

காப்பாத்தின கதை இதை விடப் பெருசு. 1934ல முசோலினி காலத்துல நிமித்துறோம்னு அடித்தளத்துல ஓட்டை போட்டு சிமெண்ட் கலவை செலுத்தினாங்க, சாய்வு இன்னும் கூடிப்போச்சு. 1989ல பாவியாங்கற ஊர்ல ஒரு பழைய கோபுரம் திடீர்னு இடிஞ்சு நாலு பேர் செத்துப்போனதும் அரசாங்கம் பயந்துபோய் 1990 ஜனவரில பிசா கோபுரத்தை மூடிட்டாங்க. வடக்குப் பக்கம் நூத்துக்கணக்கான டன் ஈயக்கட்டிகளை அடுக்கி வச்சாங்க, ஸ்டீல் கேபிள் போட்டாங்க, 1995 செப்டம்பர்ல அடி மண்ணை உறைய வச்சு வேலை பாக்கும்போது கோபுரம் ஒரே ராத்திரில நகர்ந்து எல்லாரையும் கதிகலங்க வச்சுருச்சு. கடைசில பலிச்சது ரொம்ப எளிமையான வழி. சாயுற பக்கம் முட்டுக் கொடுக்கல, எதிர்ப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம் அடியில இருந்து சாய்வா துளை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மண்ணை எடுத்தாங்க. ஜான் பர்லேண்டுங்கற பிரிட்டிஷ் மண்ணியல் பேராசிரியர் இதுக்கு முக்கியமான ஆள், கோபுரத்தைக் காப்பாத்தப் போட்ட கமிட்டிக்குத் தலைவர் மிகேலே யாமியோல்கோவ்ஸ்கி. மொத்தமா 38 கன மீட்டர் மண்ணு, அவ்ளோதான். உச்சில கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் சாய்வு குறைஞ்சு 1838ல இருந்த நிலைமைக்கு வந்துருச்சு, 2001 டிசம்பர்ல திரும்பத் திறந்தாங்க. முழுசா நிமித்தாம இப்ப சுமார் நாலு டிகிரில வேணும்னேதான் விட்டிருக்காங்க.

ஏறுறதுக்கு டிக்கெட் நாங்க போனப்ப 20 யூரோ, நேரம் குறிச்சு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துருங்க. பைய எல்லாம் லாக்கர்ல வச்சுடணும், எட்டு வயசுக்குக் கீழ குழந்தைங்களை விட மாட்டாங்க. நானும் அப்பாவும் ஏறினோம், முட்டிவலின்னு அம்மா கீழயே இருந்துட்டாங்க. முதல்ல கீழ இருக்க அறைல நிக்க வைக்கிறாங்க, நிமிந்து பாத்தா உள்ள முழுக்க வெத்தா இருக்கு, குழாய்க்குள்ள நின்னு வானத்தைப் பாக்குற மாதிரி. படி எல்லாம் சுவருக்குள்ளயே சுத்திச் சுத்திப் போகுது, பளிங்குப் படி, எத்தனையோ நூறு வருஷமா கால் பட்டு நடுவுல குழிஞ்சு போயிருக்கு. ஏறும்போது ஒரு பக்கம் நம்ம உடம்பு வெளிச்சுவர்ல சாயும், அரைச் சுத்து போனதும் உள்சுவருக்குத் தள்ளும், கண்ணை மூடிட்டு ஏறினா கூட கோபுரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லிடலாம். மழை நாள்ல போறவங்க கண்டிப்பா நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க. உச்சில ஏழு மணிங்க தொங்குது, ஒரு பக்கம் அபுவான் மலைங்க தெரியும், கர்ராரா பளிங்கு எல்லாம் அங்க இருந்துதான் வருது. எறங்கி வந்ததும் அப்பா அங்க வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட ஈயக்கட்டி எங்க வச்சிருந்தாங்கன்னு கேட்டார், அந்த மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துருச்சு, போட்டோ எங்க நின்னு எடுக்கணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க போல. வடக்குப் பக்கம் கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டி பாதி இங்கிலீஷ் பாதி இத்தாலியன்ல ரொம்ப நேரம் பேசினார், அப்பாவும் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பேசினார், ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுது.

ஏற முடியாதவங்க ஏமாந்துட்டதா நினைக்க வேண்டாம். தேவாலயத்துக்கு டிக்கெட் கிடையாது, இலவச பாஸ் வாங்கிட்டு உள்ள போகலாம், தோள் முட்டி மூடின டிரஸ் போட்டுக்கணும். உள்ள ஜொவான்னி பிசானோ செதுக்கின பிரசங்க மேடை இருக்கு, 1302ல இருந்து 1310 வரைக்கும் செஞ்சது. 1595 தீ விபத்துக்கு அப்புறம் அதைக் கழட்டி எடுத்து வச்சவங்க 1926லதான் திரும்பச் சேத்து நிறுத்தினாங்களாம். கலிலியோ ஆடுற விளக்கைப் பாத்து ஊசல் விதியைக் கண்டுபிடிச்சார்னு சொல்ற விளக்கையும் அங்க காட்டுவாங்க, ஆனா கதைல சொல்ற வருஷம் 1583, இப்ப தொங்குற விளக்கு 1587ல வந்தது.

அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது ஞானஸ்நான மண்டபம். கலிலியோவுக்கு 1564ல ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கதான். கதவை எல்லாம் சாத்திட்டு அங்க வேலை பாக்குற ஒரு அம்மா நடுவுல போய் நின்னு ரெண்டு மூணு ஸ்வரம் மட்டும் விட்டு விட்டுப் பாடினாங்க, மைக் இல்ல ஒண்ணும் இல்ல. முதல் ஸ்வரம் மேல கூரைல சுத்திட்டு இருக்கும்போதே அடுத்தது போய்ச் சேருது, அப்புறம் மூணாவது, ஒரே ஆளு ஒரு கோஷ்டியே பாடுற மாதிரி நிறைஞ்சு நிக்குது. உள்ள கூம்புக் கூரை, வெளிய வட்டக் கூரைன்னு ரெட்டையா கட்டியிருக்கறதுதான் அந்த எதிரொலிக்குக் காரணம்னு சொல்றாங்க. எங்க அம்மா கோயில்ல நிக்கற மாதிரி கை கூப்பினாங்க. அரை மணிக்கு ஒரு தடவை பாடுவாங்க, வாசல்லயே கேட்டுட்டு அந்த நேரத்துக்குப் போங்க.

காம்போசாந்தோவுக்குப் பெரும்பாலும் யாரும் போறதில்ல, அதுதான் எனக்கு வருத்தம். பளிங்குச் சுவர் வச்ச பழைய கல்லறைத் தோட்டம், 1278ல ஆரம்பிச்சது. 1944 ஜூலை 27ஆம் தேதி போர்ல குண்டு விழுந்து மரக்கூரை பத்திக்கிச்சு, கூரை மேல இருந்த ஈயம் உருகி சுவரோவியங்க மேல வழிஞ்சுது. மிஞ்சினதைச் சுவர்ல இருந்து உரிச்சு எடுத்து, பல பத்து வருஷமா சீர் பண்ணி, புஃபல்மாக்கோவோட 'மரணத்தின் வெற்றி' ஓவியத்தை 2018லதான் பழைய இடத்துக்கே கொண்டு வந்தாங்க. வேட்டைக்குப் போற பணக்காரங்க வழில திறந்து கிடக்குற மூணு பிணப்பெட்டியப் பாத்துத் திகைச்சு நிக்கிறாங்க, குதிரை கூட கழுத்தை நீட்டி மோந்து பாக்குது. உரிச்சப்போ அடியில கிடைச்ச செம்மண் நிறக் கோட்டோவியங்களுக்கு எதிர்ப்பக்கமே தனி மியூசியம் வச்சிருக்காங்க. போர்ல இந்த இடத்தைக் காப்பாத்த உழைச்ச டீன் கெல்லர்ங்கற அமெரிக்க அதிகாரியோட அஸ்தில ஒரு பங்கு இங்கயே புதைச்சிருக்கு. நாங்க உள்ள இருந்த நேரம் பூரா பத்துப் பேர் கூட இல்ல, வெளிய ஆயிரம் பேர் கையை நீட்டிட்டு நின்னாங்க.

சாப்பாட்டுக்குக் கோபுரத்தைச் சுத்தி இருக்க ஓட்டல் வேண்டாம், ஊருக்குள்ள நடங்க. செசீனான்னு ஒண்ணு விக்கிறாங்க, கொண்டைக்கடலை மாவு, தண்ணி, எண்ணெய், உப்பு அவ்ளோதான், பெரிய தட்டுல ஊத்தி விறகு அடுப்புல சுட்டுத் தர்றாங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு கவலையே இல்ல. வரிசைல முன்னாடி நின்ன ஒரு பாட்டி, எங்க அம்மா கையில இருந்த செசீனா துண்டைப் பாத்துட்டு, மிளகுத்தூள் தூவி ஃபொக்காச்சா ரொட்டிக்குள்ள வச்சுத்தான் சாப்பிடணும்னு சைகைலயே சொல்லிக் கொடுத்தாங்க, அவங்க சொன்ன மாதிரியே சாப்பிட்டோம், அவ்ளோ நல்லா இருந்துச்சு.

திரும்பி வர்ற வழில கவலியேரி சதுக்கம் பாருங்க, உகோலினோ பிரபுவைப் பிள்ளைங்களோட அடைச்சு வச்சுப் பட்டினி போட்டுக் கொன்ன கோபுரம் இருந்த இடம் அது, இத்தாலியக் கவிஞர் தாந்தே 'நரகம்' காவியத்துல எழுதியிருக்காரே அந்த உகோலினோதான். ஆர்னோ ஆத்துப் பக்கம் சான் நிக்கோலா தேவாலயத்தோட மணிக்கூண்டும் சாஞ்சுதான் நிக்குது, ஊரோட மண்ணே அப்படி, அப்பாவுக்கு அதைப் பாத்ததுல தனி சந்தோஷம். சென்ட்ராலே ஸ்டேஷன் பக்கத்துல கீத் ஹாரிங்கற அமெரிக்க ஓவியர் 1989ல வரைஞ்ச பெரிய சுவரோவியம் இருக்கு, அடுத்த வருஷமே அவர் இறந்துட்டார்.

ஜூன் 16 ராத்திரி ஆர்னோ கரை முழுக்க அகல் விளக்கு ஏத்துற லுமினாரா திருவிழாவுக்கு அப்பாவைத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கோம். யாராவது அன்னைக்குப் போயிருந்தா, கூட்டத்துல வயசானவங்களை எங்க உக்கார வைக்கலாம், ராத்திரி கடைசி ட்ரெயின் கிடைக்குமா இல்ல அங்கயே ரூம் போடணுமான்னு கொஞ்சம் எழுதுங்களேன்.