9 வண்டி, 14 பேர், ஒகேனக்கல்ல பரிசல்: ஒரே நாள்ல முடியுமா?

கேஜி_புல்லட்:
வணக்கம் மக்களே, நான் கிருஷ்ணகிரி. கூட படிச்ச பசங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு எல்லாம் சேந்து 9 வண்டி 14 பேர் ஆயிட்டோம். ரெண்டு புல்லட், மூணு பல்சர், ரெண்டு ஸ்ப்ளெண்டர், ஒரு எப்இசட், ஒரு ஆக்டிவா (ஆமா ஆக்டிவாதான், சிரிக்காதீங்க, அவன் வேற வண்டி ஓட்ட மாட்டேங்கறான்). காலைல கிளம்பி ஒகேனக்கல் போயி, பரிசல்ல நல்லா ஒரு மணி நேரம் சுத்திட்டு, மீன் சாப்ட்டு, ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பேசிட்டு இருக்கோம். எந்த ரோடு நல்லாருக்கும்? பரிசலுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணுமா? இன்னொரு டவுட்டு, வண்டியையே படகுல ஏத்திட்டு போற மாதிரி நம்ம பக்கம் எங்கயாச்சும் இருக்கா? எங்க செட்டுல ஒருத்தன் இருக்குன்னு அடிச்சு சொல்றான், யாரும் நம்பல.

பென்னாகரத்தான்:
தம்பி, ரோடு அப்புறம் பாக்கலாம், மொதல்ல தேதிய மாத்து. ஆடில வந்தா பரிசல் ஓடினா அதிர்ஷ்டம். இங்க சொட்டு மழை இருக்காது, வெயில் மண்டையப் பொளக்கும், ஆனா குடகுலயும் வயநாட்டுலயும் பெய்ஞ்சு கர்நாடகால இருக்கற கேஆர்எஸ், கபினி அணை ரெண்டும் ரொம்பி தண்ணிய விட்டாங்கன்னா நேரா நம்ம வாசலுக்குத்தான் வரும். பிலிகுண்டுலுல அளக்குற கன அடிய தினம் பேப்பர்ல போடுவான், டிவில கீழ ஓடும், அதப் பாத்துட்டுதான் நாங்களே சொந்தக்காரங்கள வரச் சொல்லுவோம். தண்ணி ஏறிச்சுன்னா குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை, அருவிக்குப் போற நடைபாதையும் பூட்டிருவாங்க. 2024 ஜூலை கடைசில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல வந்தப்ப அருவின்னு ஒண்ணே தெரியல, பாறையெல்லாம் முங்கி ஆறு மட்டமா செம்மண் கலர்ல ஓடிச்சு, அந்த 30ஆம் தேதிதான் மேட்டூர் 120 அடி ரொம்பிச்சு. அன்னிக்கு பெங்களூர்லருந்து ஒரு இருபது வண்டி வந்து செக்போஸ்ட்ல நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிப் போனாங்க, பாவமா இருந்துச்சு.

ஆடிப்பெருக்கு பக்கத்துல வந்தீங்கன்னா கூட்டத்துல வண்டி நிறுத்தவே இடம் கெடைக்காது, அதையும் சொல்லிட்டேன். வெள்ளம் வடிஞ்சு தண்ணி தெளிஞ்ச பிறகு, புரட்டாசி கழிச்சு வா, இல்ல தை மாசம் வா. பரிசலுக்கு முன்னாடி சொல்லி வைக்க வேண்டியதில்ல, கவுன்டர்ல டிக்கெட் போடு. ஒரு பரிசல்ல நாலு பேர், அப்ப உங்களுக்கு நாலு பரிசல். லைஃப் ஜாக்கெட் போட்டாத்தான் ஏத்துவாங்க. போர்டுல போட்டிருக்கறதுக்கு மேல "அந்தப் பக்கம் மணல்திட்டு வரைக்கும் கூட்டிட்டு போறேன்"னு கேப்பாங்க, ஏறதுக்கு முன்னாடியே பேசிக்கோ, நடு ஆத்துல பேரம் பேசாத.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
பென்னாகரம் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா ரோடுன்னா நீங்க அஞ்செட்டி வழியா போகணும் ப்ரோ. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம்னு காட்டுக்குள்ளயே போகும், வளைஞ்சு வளைஞ்சு, ரெண்டு பக்கமும் மூங்கில். கொஞ்சம் சுத்துதான், ஆனா சொர்க்கம்.

பென்னாகரத்தான்:
சொர்க்கத்துக்கு நேரா அனுப்பிடாதப்பா 😄 அது யானை நடமாட்டம் உள்ள காடு. பகல்ல, அதுவும் நாலஞ்சு வண்டின்னா சரி. 9 வண்டி, ஒரு ஆக்டிவா, சாயங்காலம் திரும்பறதுன்னா வேணவே வேணாம். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம்னு வாங்க, 90 கிலோமீட்டர் சொச்சம். பாப்பாரப்பட்டில டீக்கு நிறுத்தறப்ப சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்த எட்டிப் பாத்துட்டு வாங்க, அவர் 1925ல இறந்தது அங்கதான், நம்ம பசங்க பாதி பேருக்கு இது தெரியாது.

ஸ்பேனர்_10_11:
மெக்கானிக்கா ரெண்டு வார்த்த. மடம் செக்போஸ்ட் தாண்டினதும் இறக்கம் ஆரம்பிக்கும். அந்த இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு வர்றவங்கதான் என் கடைக்கு டெம்போல வருவாங்க. ரெண்டாவது கியர்ல போட்டு இஞ்சின் புடிக்கட்டும், பிரேக்க விட்டு விட்டு புடிங்க. ஆக்டிவாக்கு அந்த வசதி ரொம்பக் கம்மி, முழு பாரமும் பிரேக்லதான், கருகுன வாசனை வந்துச்சுன்னா வெட்கப்படாம ஓரமா பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, பின்னாடி ஆள் உக்காராம தனியா வந்தா இன்னும் நல்லது.

9 வண்டி ஒண்ணா போறப்ப வழி தெரிஞ்சவன் முன்னாடி, பஞ்சர் கிட்டும் பொறுமையும் உள்ளவன் கடைசி. கடைசி ஆள யாரும் தாண்டி பின்னாடி போகக் கூடாது, அவன் யாரையும் முந்தக் கூடாது. ஆக்டிவாவ ரெண்டாவதா விடுங்க, அவன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஒரே கோட்டுல வாலப் புடிச்ச மாதிரி ஓட்டாம ஒருத்தர் இடது ஒருத்தர் வலதுன்னு மாத்தி மாத்தி இடைவெளி விட்டு வாங்க, வளைவுல மட்டும் ஒத்தையா. பென்னாகரத்துலயே எல்லாரும் டேங்க் ரொப்பிக்கோங்க. காட்டுல செல்லுல டவர் சரியா இருக்காது, அதனால "பிரிஞ்சா எங்க நிக்கணும்"னு வீட்டுலயே பேசிட்டு கிளம்புங்க. அப்புறம் கொரங்கு. டேங்க் பேக்ல பிஸ்கட் வெச்சீங்கன்னா ஜிப்பே இருக்காது.

மாங்காமண்டி:
இதெல்லாம் சரி, எனக்கு நடந்தத சொல்லவா. போன தை மாசம், ஆறு வண்டில போனோம். பரிசல்ல சம்மணம் போட்டு உக்காந்தாச்சு, அடில லேசா தண்ணி கசிஞ்சு பேன்ட் நனையுது, ரெண்டு பக்கமும் பாறை செவுரு மாதிரி நிக்குது, இன்னொரு பரிசல்லயே சிப்ஸும் கூல்ட்ரிங்ஸும் வித்துட்டு வர்றாரு ஒருத்தர், செம ஜாலி. பரிசல்காரர் "சுத்தலாமா"ன்னாரு, நாங்களும் ஓன்னு கத்தினோம், மனுசன் ஒத்தத் துடுப்ப வெச்சுகிட்டு பம்பரம் மாதிரி சுத்தி விட்டாரு. நான் சட்டப் பாக்கெட்லருந்து போன் விழாம கைய வெச்சுட்டு குனிஞ்சேன், அதே பாக்கெட்ல இருந்த சாவி "டப்"புனு விளிம்புல பட்டு தண்ணிக்குள்ள. அவ்ளோதான். பரிசல்காரர் எட்டிப் பாத்துட்டு "இங்க ஆழம் எங்களுக்கே தெரியாதுங்க"ன்னாரு. ஸ்பேர் சாவி கிருஷ்ணகிரில பீரோக்குள்ள. தம்பி பஸ் புடிச்சு கொண்டு வந்து குடுக்கறப்ப ராத்திரி ஒம்போது. அதுவரைக்கும் ஈர ஜீன்ஸோட உக்காந்திருந்தேன், அதோட 90 கிலோமீட்டர் வேற, தொடை தோல் உரிஞ்சது ஒரு வாரம் ஆறல. மாத்து அரை டவுசர் எடுத்துட்டுப் போங்க, சாவிய கழுத்துல மாட்டுங்க.

மீனுக்கு ஒரு டிப்ஸ்: ஓட்டல்ல உக்காராதீங்க. மீன நாமளே பாத்து வாங்கி, அங்க சமைச்சுக் குடுக்குற அக்காங்ககிட்ட குடுத்தா மசாலா போட்டு வறுத்து, கொழம்பும் வெச்சுத் தருவாங்க, சமையல் கூலி தனி. பரிசலுக்குப் போறதுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போயிட்டா வர்றதுக்குள்ள ரெடி. எண்ணெ மசாஜ் பண்ணிக்கிறவங்க சோப்பு போட்டு நல்லா தேச்சுக் குளிச்சுட்டு வண்டில ஏறுங்க, ஆக்ஸிலேட்டர் கையில நிக்காது.

ஏரியூர்_பொண்ணு:
வண்டிய படகுல ஏத்தறது பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். உங்க நண்பர் சொன்னது உண்மைதாங்க. பென்னாகரத்துலருந்து ஏரியூர் வந்து, நாகமரைக்கு வந்தீங்கன்னா மேட்டூர் அணையோட தண்ணி தேங்கி கடல் மாதிரி நிக்கும். அங்கருந்து எதிர்க்கரை பண்ணவாடிக்கு படகு போகுது, டூவீலரயும் ஏத்திப்பாங்க. எங்க ஊர்ல பாதி பேரு கொளத்தூர் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் இப்படித்தான் போவோம், எங்களுக்கு இது சுற்றுலா இல்ல, பஸ் மாதிரி. ரோட்டுல போனா சேலம் மாவட்டத்துக்குள்ள அவ்ளோ தூரம் சுத்தணும். ஒட்டனூர்லயும் கோட்டையூருக்கு இதே மாதிரி இருக்கு.

பலகை மேல வண்டிய தள்ளி ஏத்தறப்ப ஆள் கூட நின்னு புடிக்கணும், புல்லட்னா மூணு பேர். ஏத்தினப்புறம் சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு செல்ஃபி எடுக்கப் போகாதீங்க, வண்டியப் புடிச்சுட்டே நில்லுங்க. 9 வண்டியும் ஒரே நடைல போகாது, ஊர்க்காரங்க காத்துட்டு இருந்தா அவங்கள மொதல்ல விடுங்க, அவங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கும் பள்ளிக்கூடம் இருக்கும். தண்ணி நல்லா இறங்கின வருஷம் வந்தீங்கன்னா பண்ணவாடி பக்கம் அணை கட்டினப்ப முங்கிப்போன பழைய கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளிய நிக்கும். எங்க பாட்டிக்கு அதப் பாத்தா கண்ணு கலங்கிரும், அவங்க அம்மா ஊரு அது.

பண்ணவாடி ஏறினா கொளத்தூர், மேட்டூர், மேச்சேரி, தொப்பூர்னு தர்மபுரி வந்துடலாம். ஆனா ஒகேனக்கல்லும் இதுவும் ஒரே நாள்ல வேணாங்க, அவசரத்துல படகுக்காரர திட்டுவீங்க.

ஸ்பேனர்_10_11:
தொப்பூர் கணவாய்ல நீங்க ஏறுற பக்கம்தான், ஆனாலும் லாரிக்கு நடுவுல பூராதீங்க. அது விளையாடுற ரோடு இல்ல.

கேஜி_புல்லட்:
எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ஸ்பெஷல் நன்றி. க்ரூப்ல போட்டதும் ஆடி கேன்சல், தீபாவளி முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறுன்னு ஆச்சு. காலைல அஞ்சு மணிக்கு காவேரிப்பட்டணம் பாலத்துகிட்ட எல்லாரும். அன்னிக்கு ஒகேனக்கல் மட்டும், நாகமரைக்கு தனியா இன்னொரு நாள். "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அந்தப் படகு விஷயத்த அடிச்சு சொன்னவன் காலைலருந்து எட்டு தடவ மெசேஜ் போட்டுட்டான். ஆக்டிவாக்காரன் ரெண்டாவது இடம்னு கேட்டதும் ஏதோ பட்டம் கட்டின மாதிரி நடக்கிறான். பிலிகுண்டுலு கணக்கு தினம் க்ரூப்ல போடறது அவன் வேலைன்னு விட்டாச்சு. மாங்காமண்டி அண்ணா, சாவி மாட்ட 14 பேருக்கும் கறுப்பு கயிறு வாங்கிட்டேன், எங்கம்மா பாத்துட்டு எந்தக் கோயிலுக்குடா மாலை போட்டீங்கன்னு கேக்கறாங்க.