வில் அதிர்ச்சியா, அணிய அதிர்முகமா?

> வில் போல வளைந்திருக்கிறது, அதனால் வில் அதிர்ச்சி. இதில் என்ன குறை?

ஐயா, வணக்கம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று, பூமிக்கு முன்னால் திடீரென்று வேகம் இழக்கும் வளைந்த முகப்பை ஆங்கிலத்தில் bow shock என்பார்கள். அதற்கு 'வில் அதிர்ச்சி' என்று நீங்கள் சொன்ன பெயரைப் பற்றித்தான் இந்த மடல்.

வளைந்திருப்பது உண்மைதான். படத்தைப் பார்க்கும் யாருக்கும் வில்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. அம்பு எய்யும் வில்லுக்கும் கப்பலின் முன்முனைக்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு வேறு. இங்கே சொல்லப்படுவது கப்பல். அந்த முன்முனைக்கு நம் மீனவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: அணியம்.

வேகமாக வரும் படகின் அணியத்தைக் கரையில் நின்று கவனித்துப் பாருங்கள். அதற்குச் சற்று முன்னாலேயே தண்ணீர் திரண்டு மேடு கட்டும். அந்த மேடு படகோடு கூடவே வரும். இரண்டு பக்கமும் சாய்ந்து விரியும். பூமிக்கு முன்னால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இங்கே படகு நிற்கிறது, தண்ணீர் ஓடி வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதற்குள் பரவக்கூடிய அலைகளைவிட அந்தக் காற்றே வேகமாக வருவதால், முன்னால் ஒரு தடை இருக்கிறது என்ற செய்தி எதிர்த்திசையில் போய்ச் சேர வழியில்லை. பூமிக்குச் சுமார் 90,000 கிலோமீட்டர் முன்னால் அது திடீரென்று வேகம் இழக்கிறது, அடர்கிறது, சூடேறுகிறது. அந்த இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இன்னொரு நண்பர் 'மோதலலை' என்று எழுதியிருந்தார். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் பத்துத் துகள்கள்தான். ஒரு துகள் இன்னொன்றோடு மோத வேண்டுமானால் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தையே கடக்க வேண்டியிருக்கும். காற்றை அங்கே தடுத்து நிறுத்துபவை மின்புலமும் காந்தப்புலமும். மோதலே இல்லாத இடத்துக்கு மோதல் என்று பெயர் வைத்தால், படிக்கிற மாணவர் முதல் நாளே தப்பாகப் புரிந்துகொள்வார்.

சரி, அப்படியானால் 'காந்த' என்று தொடங்கலாமே என்று கேட்பீர்கள். வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை. அதன் வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலமே சூரியக் காற்றைத் தடுக்கிறது, அங்கேயும் இதே முகம் உருவாகிறது. வால்மீன்களுக்கு முன்னாலும் உண்டு. ஆகவே அந்த முன்னொட்டு வேண்டாம்.

அடுத்தது 'அதிர்ச்சி'. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் பதறுவதுதான் முன்னே வருகிறது. 'அதிர்வு' என்று குறைத்துக்கொண்டால் வேறு சிக்கல். சில துகள்கள் அந்த இடத்தில் தெறித்து, காற்றை எதிர்த்துச் சூரியன் பக்கமாகவே திரும்பிப் போகும். அவை நிறைந்த பகுதியை 'முன்னதிர்வு' என்று சொல்லவேண்டி வரும். அந்தச் சொல்லை நிலநடுக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அதனால் என் பரிந்துரை 'அணிய அதிர்முகம்'. இது கடந்து போய்விடும் அலை அல்ல, கோளுக்கு முன்னால் எப்போதும் நிற்கும் ஒரு முகம்; 'முகம்' அதைச் சரியாகச் சொல்கிறது. தெறித்த துகள்களின் பகுதி 'அதிர்முக முன்வெளி' ஆகும்.

அதிர்முகத்துக்கும் உள்ளே, பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றை எதிர்த்து நிற்கும் எல்லைக்கு (magnetopause) 'காந்த நிறுத்தம்' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. காந்தம் அங்கே நிறுத்தப்படுகிறதா, காந்தம் எதையோ நிறுத்துகிறதா என்றே தெரியவில்லை. 'காந்த வரம்பு' போதும். இயற்பியலாளர்கள் சாப்மனும் பெராரோவும் 1931இல் கணக்குப் போட்டுச் சொன்ன இந்த வரம்பை 1961இல் எக்ஸ்புளோரர் 12 செயற்கைக்கோள் பலமுறை கடந்து அளந்தது. வாயேஜர் 1 விண்கலம் ஆகஸ்ட் 2012இல் கடந்த, சூரியக் காற்றின் ஆட்சி முடியும் எல்லையைச் (heliopause) 'சூரிய வரம்பு' என்று எழுதலாம். ஒரே சொல் இரண்டு இடத்துக்கும் உதவும். அதிர்முகத்துக்கும் காந்த வரம்புக்கும் நடுவில் இருக்கும் பகுதிக்குக் 'காந்த உறை' என்பதில் எனக்கு மறுப்பில்லை.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"அணிய அதிர்முகத்தைத் தாண்டிய சூரியக் காற்று காந்த உறைக்குள் கலங்கலாகப் பாய்கிறது. அதன் அழுத்தமும் புவிக் காந்தப்புலத்தின் அழுத்தமும் சமமாகும் இடம் காந்த வரம்பு. சாதாரண நாட்களில் இது பூமியின் மையத்திலிருந்து சூரியன் பக்கம் சுமார் 64,000 கிலோமீட்டரில் இருக்கும். காற்று வலுத்தால் உள்ளே தள்ளப்படும். கடும் சூரியப் புயலின்போது 42,000 கிலோமீட்டரில் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள்கூட வரம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும்."

எனக்கு எங்கேயும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

காந்தப் புலக்கோடுகள் அறுந்து வேறு கோடுகளோடு சேர்வதற்கு 'மறுஇணைப்பு' போதுமா என்பதைத் தனி மடலில் பேசலாம். அது பெரிய பேச்சு. இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: குழுவில் இராமநாதபுரம், கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் கரையோர நண்பர்கள் இருந்தால், உங்கள் ஊரில் படகின் முன்முனையை அணியம் என்றுதான் சொல்கிறார்களா, வேறு சொல் உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.