முழு விலை கொடுத்த டிவியில் விளம்பரம் எதற்கு?

பாலக்கோட்டுக்காரர்:
சென்ற ஆடித் தள்ளுபடியில் தருமபுரியில் 43 அங்குல ஸ்மார்ட் டிவி ஒன்று வாங்கினோம். இயக்கியவுடனே முகப்புத் திரையின் மேற்பாதியை விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. செய்தி பார்க்க நினைத்து என் தாயார் ரிமோட்டின் நடுப் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு பட முன்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல், நான் தக்காளி மண்டியிலிருந்து திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே வைஃபையைத் துண்டித்துவிட்டேன். எங்கள் காசில் வாங்கிய பொருளில் அடுத்தவர் கடை விரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஓசூர் பொறியாளர்:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் தீர்வோடு எனக்கு உடன்பாடில்லை. இணையத்தைத் துண்டித்தால் யூடியூபோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிடும். டிவி விலை இந்த அளவுக்கு இறங்கியதற்கு விளம்பர வருமானமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் டிவி 'கூகுள் டிவி' என்ற மென்பொருளில் இயங்குவதாக இருந்தால் அமைப்புகளில் 'செயலிகள் மட்டும்' என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். பரிந்துரை வரிசைகள் போய்விடும், மேலே ஒரு விளம்பரம் மட்டும் எஞ்சலாம். மோடத்தில், இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் பகுதியில், விளம்பரத் தடுப்பு நிறுவனமான ஆட்கார்டு தரும் இலவச முகவரியான 94.140.14.14 என்பதை இட்டால், விளம்பர சர்வர் எங்கே இருக்கிறது என்று டிவி கேட்கும்போதே விடை மறுக்கப்பட்டு, விளம்பரம் வந்துசேராமல் போகும். ஆனால் யூடியூப் விளம்பரம் இதற்குக் கட்டுப்படாது. காணொளி வரும் இடத்திலிருந்தே அதுவும் வருகிறது.

காவேரிப்பட்டினம் ஆசிரியை:
விளம்பரத்தை மறைப்பதோடு பேச்சை முடித்துவிடுகிறீர்கள், ஐயா. திரையில் ஓடுவதைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, அது எந்த நிகழ்ச்சி என்று அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் ஏசிஆர் என்ற வசதி பல டிவிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் விஜியோ என்ற டிவி நிறுவனம் ஏறத்தாழ 1.1 கோடி டிவிகளில் உரிய ஒப்புதல் பெறாமல் இப்படித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. கேபிள் பெட்டி வழியாகப் பார்த்தவையும் அதில் அடக்கம். அந்த வகையில் பாலக்கோட்டு ஐயா செய்ததே சரி; இணையமே இல்லாத டிவி எதையும் வெளியே அனுப்ப முடியாது.

ஓசூர் பொறியாளர்:
ஏசிஆரை நான் குறிப்பிடாதது தவறுதான், அம்மா. தனியுரிமைப் பகுதியில் அதை அணைத்துவைக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருப்பதால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருந்தாலும், பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்கும் வீட்டில் இணையத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாலக்கோட்டுக்காரர்:
விளம்பரத்தால் விலை குறைந்தது என்றால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கடையில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தேடித்தான் அணைக்க வேண்டும் என்கிறீர்கள். எழுபது வயதான என் தாயார் எங்கே போய்த் தேடுவார்? நீங்கள் சொன்ன 'செயலிகள் மட்டும்' நிலையை ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்கிறேன். அவர் யார் துணையுமின்றித் தாமாகவே செய்திக்குப் போய்ச் சேர்ந்தால் வைஃபையைத் திரும்ப இணைப்பேன். அதுவரை எங்கள் வீட்டில் கேபிள் மட்டுந்தான்.